கொல்லைக் கதவும் சிப்பிக் காளானும்

இட்லி மாவு பொங்கி நிற்பதைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பாதிப் பாத்திரம்தானே என்று நம்பி மூடி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் மூடியைத் தலையால் முட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது, மணி அடிக்கக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. இன்றைக்கும் அப்படித்தான். உட்காருங்கள், எஸ்.ஐ. அம்மா. எழுதுகிற தங்கச்சியும் உட்காரட்டும், நின்றுகொண்டு எழுதினால் எழுத்து கோணிப்போகும். முதல் ஈடு அடுப்பில் இருக்கிறது. பசியோடு யாரையும் நான் கதை கேட்க வைத்ததில்லை.

வேம்பு எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். அதற்கு மாவிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அந்த மாவுக்குள் ஈஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதுவும் பூஞ்சை ஜாதிதான். அது பிள்ளை பெறுவதே ஓர் அழகு. தாயின் விலாவில் சின்னதாக ஒரு மொட்டு விடும். மொட்டு பெருத்துப் பிள்ளையாகும். சில பிள்ளைகள் பிரிந்து போய்விடும். சில போகாது. தாயின் மேலேயே ஒட்டிக்கொண்டு தானும் ஒரு மொட்டு விடும், அது இன்னொன்று விடும், பாசிமணி கோத்த மாதிரி ஒரே குடும்பமாகத் தொங்கும். எனக்கு அந்தக் குடும்பத்தை ரொம்பப் பிடிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று தங்கச்சி பார்க்கிறாள். சொல்கிறேன், கண்ணு.

என் பெயர் அம்சம். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண்ணாகப் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் கதை சொல்வேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. நடவு வயலில் நான் வாயைத் திறந்தால் குனிந்திருக்கிற யாருக்கும் இடுப்பு வலி தெரியாது. நடவு மெஷின் வந்தது, என் கதைக்கு ஆள் குறைந்தது. டி.வி. வந்து இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் குறையாமல் நின்றவள் வேம்பு ஒருத்திதான்.

வேம்பு என் வீட்டுக்காரர் அரசப்பனுடைய தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்துவிட்டு, கைக்குழந்தை இளம்பரிதியோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்த ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்தோம். அவர் காலமாகி, பையனும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கதை சொல்கிறவர்களுக்கு உம் கொட்ட ஆள் வேண்டும். அது இல்லாவிட்டால் கதை நடுவழியில் படுத்துவிடும். வேம்பு கொட்டுகிற உம் இருக்கிறதே, அதில் பல ரகம். பேய் வந்தால் ஓர் உம். கல்யாணம் கூடினால் ஓர் உம். நான் புளுகுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் மூக்கால் ஓர் உம். நான் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

"அந்த ராசா அப்புறம் என்ன ஆனான் அண்ணி?"

"நாளைக்கு."

"இப்படியே நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிங்க. ஒரு நாளைக்கு நான் போய்ச் சேந்துர்றேன், அப்ப உங்க ராசாவும் நீங்களும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காந்திருங்க."

"நீ எங்கடி போவே? கத முடியாம உன்னால போவ முடியாது."

இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் பாவாடை கட்டிய சிறுபிள்ளை. வந்த அன்று சாயந்திரமே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கொல்லைக் கதவைக் காட்டினாள். "இதக் கத்துக்கங்க அண்ணி. முன்வாசல்ல வெளக்கு வச்சா கொல்லக் கதவச் சாத்திடணும். இல்லாட்டி முன்னால வர்ற லட்சுமி பின்னால பூந்து ஓடிருவா." அவ்வளவு பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து ஒரு நாள் நான் தவறவில்லை. அந்தக் கதவு இருக்கிற அறைதான் பிற்பாடு அவள் அறையானது. நீங்கள் சற்று முன் போட்டோ எடுத்தீர்களே, அதுதான்.

லட்சுமி என்றால் வேம்புவுக்கு உயிர். நெல் பால்பிடிக்கிற காலத்தில் சில கதிர்களில் மஞ்சள் உருண்டையாக நெற்பழம் வரும், பார்த்திருப்பீர்கள். தொட்டால் மஞ்சள்பொடி மாதிரி கையில் ஒட்டும். அது பூஞ்சை நோய். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை லட்சுமி வந்திருக்கிறாள் என்பார்கள், நல்ல விளைச்சல் வருஷத்தில்தான் அதிகம் வரும் என்பதால். வேம்பு அந்தப் பொடியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் அது கரும்பச்சையாக மாறிக் காற்றில் பறந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். அதுதான் அதன் வித்து. பிள்ளைகள் கிளம்பிவிட்டன என்று அர்த்தம்.

இளம்பரிதியும் கிளம்பினான். படித்தான், ஓசூரில் வேலை கிடைத்தது, அங்கேயே வீடு கட்டினான். ஒரு நாள் போன் வந்தது. வேம்பு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மாவுக்குன்னு கீழயே தனி ரூம் கட்டியிருக்கேன் அத்தை. படி ஏற வேணாம். நீங்களும் வந்துருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

நல்ல பையன். நான் வளர்த்த பையன் வேறு எப்படி இருப்பான்? நான்தான் வரவில்லை என்றேன். அங்கே என் கதையை யார் கேட்பார்கள்? பேரன் பேத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வேம்புவைச் சுற்றி ஆயிரம் சத்தம் இருக்கும். அவள் உம் கொட்டினாலும் அது பாதி உம்மாகத்தான் இருக்கும். வேம்பு மட்டும் அன்றைக்கே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அறுப்பு முடிந்ததும் போகிறேன் என்று தெருவெல்லாம் சொன்னாள். எனக்கு அதில் கோபம் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள், நான் கோபக்காரி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழுவுக்குக் காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். குழுத் தலைவி மலர்க்கொடி வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் நிலோஃபர், நாகூர்ப் பெண். நீங்கள் இன்று இங்கே வந்ததே அவளால்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை இனிமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

நாள்பட்ட பன்ரொட்டியைக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துக் காட்டினாள். வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் குண்டூசித் தலைகளாகக் கறுப்பு. ஒவ்வொரு தலையும் ஒரு மூட்டை. மூட்டை வெடித்தால் வித்து பறக்கும். எலுமிச்சம்பழத்தில் பிடிக்கிற பச்சைப் பூசணம் மூட்டை கட்டாது, நுனியில் மணிமணியாகக் கோத்து உதிர்க்கும். மழைக்குப் பிறகு தரையில் வருகிற உருண்டைக் காளானைப் பிள்ளைகள் மிதித்து விளையாடுவார்களே, புஸ்ஸென்று புகை வருமே, அந்தப் புகை முழுக்கப் பிள்ளைகள்தான். குடை விரிக்கிற காளானுக்குக் குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். அங்கிருந்து ஓசையில்லாமல் கொட்டும்.

"குடைய வெட்டி கறுப்புப் பேப்பர்ல கவுத்து வைங்க. மேல ஒரு டம்ளர மூடுங்க. நாளைக்கு வந்து பாக்கலாம்" என்றாள் நிலோஃபர்.

மறுநாள் டம்ளரைத் தூக்கினால், பேப்பரில் வெள்ளைப் பொடியால் ஒரு கோலம். மடிப்புகள் அத்தனையும் கோடு கோடாக விழுந்திருந்தன. காளானை இந்தக் கோலத்தின் நிறத்தை வைத்து இனம் பிரிப்பார்களாம். சிப்பிக் காளானுக்கு வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஒரு கை படாமல், ஒரு சத்தம் இல்லாமல், வெறுமனே மேலே இருந்தபடியே இத்தனையைச் செய்கிறதே என்று.

அன்றைக்கே அவள் இன்னொன்றும் சொன்னாள். சிப்பிக் காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும். விட்டால் இந்த வெள்ளைத் தூள் அறை முழுக்கப் புகையாக நிற்கும். மூச்சில் போனால் நுரையீரல் கெடும். "மாஸ்க் போடாம உள்ள போகாதீங்கம்மா. சில பேருக்கு ஒத்துக்காது. சாயந்திரமானா காய்ச்சலும் இருமலும் வரும். வெளியூர் போனா சரியாயிடும், திரும்பி வந்தா மறுபடி வரும். அப்படியே விட்டா நுரையீரல் தழும்பேறிடும், அப்புறம் எந்த மருந்தும் கேக்காது." எல்லோரும் தலையாட்டினார்கள். மலர்க்கொடி கொட்டாவி விட்டாள். காதுகொடுத்துக் கேட்டவள் நான் ஒருத்திதான். நல்ல கதை கேட்கிற மாதிரி உம் கொட்டிக் கேட்டேன். வேண்டுமானால் நிலோஃபரைக் கேட்டுப் பாருங்கள்.

கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு எனக்கென்று கொஞ்சம் படுக்கை கட்டினேன். படுக்கை என்றால் நீங்கள் நினைக்கிற படுக்கை இல்லை, தங்கச்சி. வேகவைத்த வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகப் போட்டுத் திணித்த நீளமான பை. தலையணை மாதிரி இருக்கும். உறி மாதிரி கயிற்றில் தொங்கவிட வேண்டும். வெள்ளை இழை ஓடி வைக்கோலை மூடும். பிறகு மொட்டு வெடித்து வெளியே வரும்.

முதல் தடவை தற்செயல்தான். சத்தியமாகச் சொல்கிறேன். மழை அடித்துக் கொட்டகை ஒழுகியது. பைகளைக் கொண்டுபோய் வேம்பு அறையில் மாட்டினேன், அது பின்பக்கம், குளுமையான அறை. இரண்டு நாள் கல்யாணத்துக்குத் திருவையாறு போய்விட்டு வந்தேன், பறிக்க ஆளில்லை. வந்து பார்த்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வெயிலில் மிதக்கிற வெள்ளைத் தூளைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாருங்க அண்ணி, தலகாணி பூரா வெள்ள வெள்ளையா. வயல்ல மஞ்சளா வந்தா. வீட்டுக்குள்ள வெள்ளையா வந்துட்டா."

"யாருடி?"

"லட்சுமிதான். வேற யாரு?"

அன்று சாயந்திரம் அவளுக்கு இருமல் வந்தது. குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கியது. ஓசூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். நான் கஷாயம் வைத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டுக் கதை சொன்னேன். அவள் இருமலுக்கு நடுவே உம் கொட்டினாள். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிறைவான சாயந்திரம் எனக்கு வாய்த்ததில்லை.

மழை விட்டது. பைகளைக் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை.

பிறகு ஒருவிதமான பழக்கமாகிவிட்டது. அவள் தேறி, பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பாள். நான் பறிப்பதை நிறுத்திவிடுவேன். குடைகள் விரிந்து ஓரம் சுருளும். காற்று போனால் காளான் காய்ந்துவிடும் என்று சொல்லி ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவேன். அதுவும் பொய் இல்லை, காளானுக்கு ஈரம் வேண்டும். நான் மட்டும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். "என்ன அண்ணி, கொள்ளக்காரி மாதிரி வர்றீங்க" என்று சிரிப்பாள். எனக்குத் தூசி ஆகாது என்று சொல்லியிருந்தேன்.

இளம்பரிதி வருகிற நாளில் பைகளை இறக்கிக் கொட்டகையில் வைத்துவிடுவேன், அறையைக் கூட்டி மெழுகிவிடுவேன். முன்கூட்டி போன் செய்யாமல் அவன் வந்ததே இல்லை. அத்தனை மரியாதை தெரிந்த பையன்.

ஒரு தடவை அவன் பிடிவாதமாக அவளை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே போனதும் இருமல் நின்றுவிட்டது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. போனில் அவள் குரல் சின்னப்பெண் குரல் மாதிரி இருந்தது. மாடிப்படியெல்லாம் ஏறுகிறாளாம், பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறாளாம். கதை எதுவும் கேட்கவில்லை. ராசா என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு வா வேம்பு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும், அண்ணன் போன பிறகு நீதானே என்றேன். என் சொல்லைத் தட்டவில்லை, வந்தாள். நான் அறையைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்த முறை மூச்சுத்திணறல் அதிகமாகி, தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம்பரிதி ராவோடு ராவாக வந்தான். டாக்டர் சின்ன வயசுதான், கெட்டிக்காரர். இளம்பரிதி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் என்னைக் கேட்டார்.

"வீட்டுல புறா, கிளி வளக்கிறீங்களா பாட்டி?"

"இல்லீங்க டாக்டர்."

"பூசணம் புடிச்ச செவுரு? மக்குன வைக்கோல்? காளான் ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க. மொழுகித் தொடச்ச வீடு."

வேம்பு முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கி டாக்டர் பக்கம் ஏதோ காட்ட வந்தாள். நான் அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வாங்கி வைத்துக்கொண்டேன். ரொம்பக் குளிர்ந்திருந்தது. பாவம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்திருப்பாள்.

கொஞ்சம் தேறியதும் அனுப்பினார்கள். ஓசூர் தூரம், மூச்சு நிதானப்பட்டதும் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். இளம்பரிதி ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்துவிட்டு, லீவு முடிந்து போனான். "ஒரு மாசம் பாத்துக்கங்க அத்தை. உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்று என் காலைத் தொட்டான். அவன் பஸ் ஏறியதும் நான் கொட்டகைக்குப் போனேன். அப்போதுதான் எல்லாப் பைகளையும் அவள் அறைக்குக் கொண்டுவந்தேன். கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் வரிசையாகக் கட்டினேன். நிலோஃபர் சொன்ன தழும்பு அவளுக்கு ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இனி எந்த மருந்தும் கேட்காது என்பதும் தெரிந்திருந்தது. கேட்டீர்களே, தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று. தெரிந்துதான் செய்தேன். அதில் சந்தேகம் வேண்டாம், தெளிவாகவே எழுதிக்கொள்ளட்டும்.

"இத எறக்கிருங்க அண்ணி. எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் ஒரு நாள்.

"லட்சுமின்னு சொன்னியேடி."

அவள் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பு முடியாதவர்கள் அப்படித்தான், சட்டென்று கோபம் வந்துவிடும். நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பேசினால் மூச்சு வாங்கியது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். உம் சொல்ல வேண்டாம், விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினால் போதும், அது உம் என்று நான் எடுத்துக்கொள்வேன். அவள் தட்டினாள். சில நாள் தட்டவில்லை. நான் காத்திருப்பேன். தட்டிய பிறகுதான் தண்ணீர் கொடுப்பேன், கதையில் கவனம் வேண்டும் அல்லவா.

அவள் போன பிறகு நிலோஃபர் துக்கம் விசாரிக்க வந்தாள். அவசரத்தில் நான் பைகளைத்தான் இறக்கியிருந்தேன். அவள் அலமாரியின் மேல்தட்டை விரலால் துடைத்து, அந்த வெள்ளையை வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, படுக்கைங்கள எங்க தொங்கவிட்டிருந்தீங்க?" என்றாள். சொல்லிக்கொடுத்தவளிடம் பொய் சொல்லலாமா? உத்தரத்தைக் காட்டினேன். அந்தப் பிள்ளை நான் கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டது. இளம்பரிதிக்கு அவள்தான் போன் செய்திருக்க வேண்டும். நல்லதுதான். அவனும் முழுக்கதையைத் தெரிந்துகொள்ளட்டும்.

இட்லி வெந்துவிட்டது, வாசனை வருகிறது பாருங்கள். கடைசிக் கொஞ்சத்தையும் சொல்லிவிட்டு எடுத்து வைக்கிறேன். சட்னி காரமாக இருந்தால் சர்க்கரை தருகிறேன், கண்ணு. எழுதுகிற தங்கச்சிக்கு ஏன் கண் கலங்குகிறது? இன்னும் அந்த இடமே வரவில்லையே.

அவள் போன அன்று வெள்ளிக்கிழமை. முன்வாசலில் விளக்கு வைத்துவிட்டு, வேம்பு அறைக்குப் போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினேன். குடைகள் எல்லாம் நன்றாக விரிந்து சுருண்டிருந்தன. தூள் இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் மார்கழிப் பனி மாதிரி தெரிந்தது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொல்லக் கதவத் தொறங்க அண்ணி" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு.

"வெளக்கு வச்சாச்சே வேம்பு. லட்சுமி போயிருவாளே. நீதானேடி சொல்லிக்கொடுத்தே."

நான் ராசா கதையை எடுத்தேன். எத்தனையோ வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவைத்த முடிவை அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தொடங்கியதுமே அவள் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள். முதலில் விரலால். பிறகு உள்ளங்கையால். பிறகு, நம்ப மாட்டீர்கள், முஷ்டியை மடக்கி, கதவுப் பக்கம் பார்த்தபடி, விடாமல் தட்டினாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

அத்தனை ஆசையாக அவள் என் கதையை அதற்கு முன் ஒரு நாளும் கேட்டதில்லை.